செவ்வாய்க்கிழமைக் கோழிகள்

அந்த வீட்டின் உள்ளறையில் ஒரு செவ்வாய்க்கிழமை மழைக்காலத்தில் தொடங்கி, வெயில்காலம் முழுவதும் நீடித்து, அடுத்த மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் புதன்கிழமை ஆனது. தெருவில் மற்றவர்களுக்குக் கிழமைகள் வழக்கம்போல வந்து போயின. பால்காரர் பால் போட்டார். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, அவள் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து, சமாதானமாகி மறுபடியும் போனாள். உள்ளறையில் மட்டும் செவ்வாய். தெருக்காரர்கள் முதலில் இதை நம்பவில்லை, பிறகு நம்பினார்கள், அதன்பிறகு குழாயில் தண்ணீர் வராததைப் பேசுவதுபோல இதையும் பேசிப் பேசி அலுத்துப்போனார்கள்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர், அக்காவும் தம்பியும். அக்கா வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஒரு விளையாட்டு சர்வரை நடத்திவந்தாள். கூடத்தில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் விசிறி இரைச்சலோடு ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஓர் உலகம். கட்டைகளை அடுக்கி வீடு கட்டி, வயல் உழுது, ஆடு கோழி வளர்க்கும் விளையாட்டு அது. எங்கெங்கோ இருந்தவர்கள் தங்கள் வேலை முடிந்ததும் அதற்குள் வந்து இன்னொரு வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் பேரன் எடுத்தவர்கள் வரை எல்லாரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளும் எல்லாரையும் ஓர் அக்காவைப்போலவே திட்டினாள். அவள் திட்டு பெரும்பாலும் கோழி பற்றியது. அந்த உலகத்தில் கோழி வளர்ப்பது சுலபம், ஆனால் ஒவ்வொரு கோழியும் எங்கே கால் வைக்கிறது என்று பெட்டிதான் கணக்குப் போட்டாக வேண்டும். கோழி பெருத்தால் பெட்டிக்கு மூச்சு வாங்கும், உலகமே தள்ளாடும். ஆகவே ஆளுக்கு இத்தனை கோழிதான் என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். அதை மீறியதற்காக வெளியே தள்ளப்பட்டவர்களில் முக்கியமானவர் அதே ஊரில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஒருவர். எத்தனை முறை தள்ளினாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து கோழி வளர்ப்பார். அவருக்குக் கோழி மாமா என்றே பெயராகிவிட்டது.

தம்பி கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னால் சிரிப்பான். பதினைந்து வயதிலிருந்து எல்லா நிறத்தையும் சுவாசித்து முடித்தபோது நெஞ்சுக்குள் காற்றுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. வளர்த்த கைக்கே அவனை மறுபடியும் தூக்கி உட்காரவைக்கும் வேலையும் வந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான், உள்ளறை ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாள். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் மண்டைக்குள் ஆணி அடிக்கிறது என்றான், அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். மிச்சம் இருந்தது கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த பழைய டிவி. அதில் அவன் அக்காவின் உலகத்துக்குள் போய்க் கிடந்தான். கையில் பலம் இருந்தவரை அந்த உலகத்துச் சந்தைத் திடலில் ஓர் உயரமான கோபுரம் கட்டினான், அதற்குத் தானே யோசித்து நான்கு நிறம் அடித்தான். முடித்ததும், "அக்கா, மேல ஒரு கடிகாரம் வச்சுக் குடேன். படுத்துக்கிட்டே இருந்தா காலையா சாயங்காலமான்னே தெரியல" என்று கேட்டான்.

அவள் வைத்துக்கொடுத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது. அந்த மாதிரி உலகம் ஆறுபோல ஓடுவதில்லை, நாடிபோலத் துடிக்கிறது. விநாடிக்கு இருபது துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் பெட்டி எல்லாவற்றையும் ஒரு படி நகர்த்திவைக்கும், பயிரை வளர்க்கும், கோழியை நடத்தும். கடிகாரம் வைப்பவர்கள் இருபது துடிப்புக்கு ஒருமுறை பெட்டியிடம் இப்போது மணி என்ன என்று கேட்டு, கிடைத்த பதிலைப் பலகையில் எழுத வேண்டும். அக்கா அன்றைக்கு மணியை ஒரே ஒருமுறை, பெட்டி கண்விழிக்கும்போது மட்டும் கேட்கவைத்தாள். அதற்குப் பிறகு இருபது துடிப்புக்கு ஒரு விநாடி என்று கூட்டிக்கொண்டே போகச் சொல்லிவிட்டாள். பெட்டி தெம்பாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். களைத்துவிட்டால் இருபது துடிப்புக்கு நான்கு விநாடி ஆகும், ஐந்து ஆகும், கடிகாரமோ ஒன்று என்றே எண்ணும். இந்தத் தப்பைப் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்வார்கள், அவர்கள் தலையில் குட்டுகிற இடத்தில் இருந்தவள் அவள். ஆனால் அன்று உள்ளே தம்பி இருமிக்கொண்டிருந்தான், அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. நிரலில் அந்தக் கணக்கைச் சொல்லும் வரிக்கு மேலே 'பிறகு திருத்த வேண்டும்' என்று தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு எழுந்து ஓடினாள். அந்தத் தொழிலில் 'பிறகு' என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள்.

திடலில் கூட்டம் கூடினால் கோபுரக் கடிகாரம் பிந்தும் என்பதை எல்லாரும் சீக்கிரமே கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். அரசாங்க ஆபீஸ் கடிகாரம் என்றார்கள். தம்பியும் சிரித்தான். உள்ளறைதான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் வராத, டிக் டிக் இல்லாத அந்த அறைக்கு மணி சொல்ல அந்தக் கடிகாரத்தை விட்டால் வேறு நாதி இல்லை, ஆகவே அது சொன்னதை அப்படியே நம்பத் தொடங்கியது. முதலில் சின்னச் சின்னதாகத்தான். உள்ளே வைத்த பால் மறுநாள்வரை திரியாது. தம்பி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் அக்கா சமைத்து, துவைத்து, காயவைத்து மடித்திருப்பாள். குளிரூட்டி போட்ட அறை, அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்து பார்த்தார். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசியைச் செருகினார். கூடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "இந்த வாரம் தாண்டறது கஷ்டம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை உள்ளேயே மறந்துவிட்டது வாசலில் செருப்பு மாட்டும்போது ஞாபகம் வந்து திரும்பிப் போனார். அன்று சர்வரில் ஏதோ போட்டி, ஊர்ப்பட்ட கூட்டம், கடிகாரம் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கருவியை எடுத்ததோடு நோயாளியின் நாடியையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தபோது தெருவில் இரண்டு வாரம் ஓடிப்போயிருந்தது. அவர் ஆஸ்பத்திரிக் கதவில் யாரோ நூலாம்படை அடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் மனைவி போலீசுக்கும் போய்விட்டுக் கோபத்தில் பிறந்த வீட்டுக்கும் போயிருந்தாள். அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டவும் இல்லை.

டாக்டர் உள்ளே மாட்டியிருந்த அந்த இரண்டு வாரமும் அக்கா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலிலிருந்து கிளம்பிய சொட்டு குழாய்க்குள் அந்தரத்தில் நின்றது. தம்பியின் மார்பு ஏறிக்கொண்டே இருந்தது, இறங்க மறுத்தது. நிலைப்படிக்கு உள்ளே கையை நீட்டினாள், அவள் வளையல் சத்தம் பாதியில் நின்றுபோனது. கையை இழுத்துக்கொண்டாள். அவள் முட்டாள் இல்லை. கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தாள், அந்த வரியை நினைத்தாள், டாக்டர் சொன்ன வாரத்தை நினைத்தாள். மனசுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம், அதைச் சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது சந்தோஷம்தான். அன்று அவள் கோழிச் சட்டத்தை ரத்து செய்தாள்.

"போன மாசம் நாலு கோழி கூட இருந்துச்சுன்னு என்னை வெளிய தள்ளுனீங்க. இப்போ முடிஞ்ச மட்டும் வளருங்கங்கறீங்க. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா அக்கா?" என்று கோழி மாமா கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் தன் பண்ணையைத் திறந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வளர்த்தார்கள், காரணம் தெரிந்தவர்கள் சிலர், காரணமே கேட்காமல் கோழி என்றதும் குதித்தவர்கள் பலர். திடல் நிரம்பியது, வயல்கள் நிரம்பின, கோபுரப் படிக்கட்டில் கோழிமேல் கோழி நின்றது. கடிகாரம் ஒரு நிமிடம் நகர்வதற்குள் தெருவில் பௌர்ணமி வந்து போனது. அக்கா பெட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள், அது சாகவும் கூடாது, சுகமாக இருக்கவும் கூடாது. அணைத்துவிட்டுப் போடவும் வழியில்லை, ஏனென்றால் கண்விழித்ததும் அது மணி கேட்கும், தெருவின் மணியைத் தெரிந்துகொள்ளும், கடிகாரம் விட்டுப்போன மாதங்களை ஒரே தாவாகத் தாண்டும். அறை அதையும் நம்பிவிடும். கரண்டு போகும் ஊர் என்பதால் கோழி மாமா பழைய லிஃப்ட்களிலிருந்து கழற்றிய பேட்டரிகளைச் சுமந்துவந்து கூடத்தில் வரிசையாக வைத்தார். கோழிகளுக்காகத் திட்டு வாங்கிய மனிதர் அந்த வீட்டுக்குள் முதல்முறை வந்தது அப்படித்தான்.

சொல்ல வேண்டியவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். சாவுக்கு லீவு போட்டு வந்த சித்தப்பா ஒரு மாதம் கூடத்தில் படுத்து, பேட்டரிகள் தடுக்கி இரண்டுமுறை விழுந்து, "எப்பதான்மா முடியும்? தப்பா நினைச்சுக்காத, சும்மா கேட்டேன்" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். வெயில்காலத்தில் அவரே செத்துப்போனார். அக்காவால் போக முடியவில்லை, அன்றைக்குக் கோழிகளுக்கு ஏதோ நோய் கண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டிருந்ததை அவள் வெகுநாள் குளிரூட்டியின் சத்தம் என்றே நினைத்திருந்தாள். தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல அடிக்குரலில் ஒரு இரைச்சல், வாரக்கணக்கில் ஏறும், இறங்கும். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துபோய் நிலைப்படியோரம் போனை வைத்தாள். பல நாள் சத்தத்தைப் பதிந்து, ஒட்டி, வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டாள். 'அக்கா' என்றது. தம்பி பேசிக்கொண்டிருந்தான். அவள் ஹாவென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அடுத்தது 'வ' என்று வந்தது. வந்து அங்கேயே நின்றது. அது 'வா' ஆகலாம், 'வலிக்குது' ஆகலாம். அக்கா சோறு தண்ணியை மறந்தாள். ஒரு நாள் வா என்பதுபோலக் கேட்கும், மறுநாள் இல்லை வலிதான் என்று தோன்றும். வலி என்றால் அந்த வலியை மழையும் வெயிலுமாக இழுத்துப் பிடித்திருந்தவள் அவள்தானே. கோழி மாமா ஆறுதல் சொன்னார். "அவனுக்கு இது ஒரே நொடிதான் அக்கா. நமக்குத்தான் மாசக்கணக்கு. அவன் ஒண்ணும் அதிகமாப் படல." அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அன்று அந்த நியாயத்தின் இரண்டாவது பாதியையும் யோசித்துவிட்டாள். அதிகமாகப் படவில்லை என்றால் அதிகமாக வாழவும் இல்லை. அவனுக்கு இருப்பது அந்த ஒரு வாரம்தான், எத்தனை கோழி வளர்த்தாலும் அது ஒரு நொடி கூடப் பெருகாது. அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமையை அவள் வாசலுக்கு வெளியே நின்று செலவழித்துக்கொண்டிருந்தாள்.

'வா' என்றுதான் வந்தது. நீண்டு, முடிந்து, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அந்த வரியை அவள் திருத்தவில்லை. திருத்தினால் கடிகாரம் தாவும், வாரம் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். இப்படியே விட்டுவிட்டு உள்ளே போகவும் பயந்தாள். பெட்டி நடுவில் பழுதானால் இருவரும் ஒரு இருமலின் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். செய்யக்கூடியது ஒன்றுதான். சர்வரில் இருந்தவர்களிடம் கோழிகளை அடிக்கச் சொன்னாள். முதலில் யாரும் அசையவில்லை. கோழி மாமா தன் பண்ணையிலிருந்து ஆரம்பித்தார். அவர் ஒவ்வொன்றாக அடித்ததைப் பார்த்தவர்கள் அந்த மனிதர் விளையாட்டில்தான் இருக்கிறார் என்பதை மறந்து அவரைத் தேற்றினார்கள். கடைசிக் கோழியும் போனபோது பெட்டியின் இரைச்சல் அடங்கியது. கடிகாரம் விநாடிக்கு ஒரு விநாடியாக நடக்கத் தொடங்கியது, தெருவுக்கு மாதங்கள் பின்தங்கி, ஆனால் ஒழுங்காக. குழாயில் நின்ற சொட்டு விழுந்தது. கூடத்துப் பெட்டிக்கு மாமாவைக் காவல் வைத்துவிட்டு அக்கா உள்ளே போனாள்.

"காலையிலேர்ந்து வாசல்லயே நிழல் மாதிரி போயிட்டு வந்துட்டு இருக்க," என்றான் தம்பி. மூச்சு வாங்கியது. "ஒரு நிமிஷம் வந்து உக்காரக் கூடாதா?"

"கோழி பாத்துக்கிட்டு இருந்தேன்டா."

"நல்லா பாத்த, போ. மணி என்ன?"

"எதிர்லதானே இருக்கு. நீயே பாரு."

அவன் பார்த்துப் படித்துச் சொன்னான். அவள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் முகத்தில் படாமல் பக்கவாட்டில் திரும்பி அழுதாள். அந்தச் சித்தப்பா இப்போது இல்லை என்பதையோ, அவள் தலையில் புதிதாக நரை விழுந்திருந்ததையோ அவள் சொல்லவில்லை. நரையை அவன் கவனித்தான், காலையில் இல்லையே என்றான். சுண்ணாம்பு உதிருது என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அறையை விட்டு அநேகமாக வெளியே வரவில்லை. டாக்டர் முதலில் கம்பவுண்டரை உள்ளே அனுப்பி, அவன் சொன்ன நேரத்தில் திரும்பியதைப் பார்த்த பிறகே தானும் வந்தார். புதன் ஆனது, வியாழன் ஆனது. தம்பி கோபுரத்தின் ஒரு பக்கத்துக்கு நிறம் மாற்ற வேண்டும் என்றான், அவன் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள், பச்சை திட்டுத்திட்டாக இருக்கிறது என்று குறை சொன்னான். வாயைக் கட்டிக்கொண்டு செத்துப்போகிற பிள்ளை இல்லை அவன். சனிக்கிழமை அவன் விரல் நகங்கள் நீலமாயின. கோழி மாமா நிலைப்படிக்கு வெளியே வந்து நின்று, "கூட்டத்தைச் சேக்கவா அக்கா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாரும் தயாரா இருக்காங்க" என்றார். அவள் கை போனுக்குப் போனது. தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, கோபுரக் கடிகாரம் பத்தேகால் காட்டியபோது அவன் மார்பு இறங்கியது, மறுபடியும் ஏறவில்லை. தெருவில் அப்போது வெள்ளிக்கிழமை, அடுத்த மழைக்காலத்தின் முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா தலைநிமிர்ந்து டிவியைப் பார்த்தபோது கடிகாரம் தெருவின் மணியைக் காட்டியது. விநாடி பிசகாமல், கிழமை உட்பட. கூடத்துப் பெட்டியை யாரும் தொடவில்லை என்று மாமா கோழிகள்மேல் சத்தியம் செய்தார். அந்த வரியைத் திறந்து பார்த்தார்கள். அதே தப்பு, அதே இடத்தில், இருபது துடிப்புக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க அன்று சர்வரே நிரம்பி வழிந்தது, தெரியாதவர்கள் சிலர் மரியாதைக்கு என்று கோழிகளோடு வந்தார்கள், பெட்டி திணறியது, பயிர்கள் அசையாமல் நின்றன. கடிகாரம் மட்டும் ஒரு நொடி கூடப் பிந்தவில்லை.

கோழி மாமா கோபுரத்தின் அடியில் ஒரு பலகை நட்டு, பெரியவர்கள் எழுதும் விதமாக, 'தம்பி காலமானான்' என்று எழுதினார். அந்தச் சொல்லைச் செத்தவர்களுக்கு எழுதுவார்கள் என்று சர்வரில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள், அதான் மணி சரியா இருக்கு என்று சொல்லிக்கொண்டு அவரவர் வயலுக்குப் போனார்கள். மாமா திருத்தப் போனார். அக்கா தடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பெட்டி இரண்டுமுறை மாறியது, விளையாட்டே புதிதாக எழுதப்பட்டது, கோழிச் சட்டம் திரும்பவும் வந்தது, மாமா திரும்பவும் மீறினார். கடிகாரம் இன்னும் ஓடுகிறது. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான். நேரம் கேட்கிறவர்கள், தம்பி என்ன சொல்றான் என்று கேட்கிறார்கள், பத்தேகாலுங்கறான் என்று யாராவது பதில் சொல்கிறார்கள். 'பிறகு திருத்த வேண்டும்' என்ற குறிப்பை அக்கா அழித்துவிட்டாள். தினமும் காலையில் அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு உள்ளறைக்குப் போகிறாள், கட்டிலில் டிவிக்கு எதிரே ஒரு நிமிடம் உட்காருகிறாள். அது சரியாக ஒரு நிமிடம்தான். அவள் எழுந்து வரும்போது பால்காரர் அடுத்த வீட்டுக்குக்கூடப் போயிருப்பதில்லை.